ஓலைச்சுவடிப் படங்களில் தோன்றும் குறைகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் முறை

ஓலைச்சுவடி ஒன்றை மின்னுருவாக்கும்போது ஒவ்வோர் ஏடும் கயிற்றிலிருந்து கழற்றப்பட்டு, மேசையில் வைக்கப்பட்டு, புரட்டப்பட்டு, மீண்டும் சுவடிக்கட்டோடு சேர்கிறது. படத்தில் குறை இருப்பது ஒரு வாரம் கழித்துத் தெரியவந்தால் அந்தச் சுற்று முழுவதும் மறுபடி நடக்கவேண்டும். ஓரம் பொடிந்த ஏட்டுக்கு அப்படிப்பட்ட ஒவ்வொரு சுற்றும் சில துணுக்குகளின் இழப்பாகவே முடியும். ஆகவே ஏடு மேசையில் இருக்கும்போதே குறையைக் கண்டு நீக்குவதற்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். கேமரா ஒரு தூணில் கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டு, இருபுறமும் விளக்குகள் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நின்று, எடுத்த படம் உடனுக்குடன் கணினித் திரைக்கு வரும் அமைப்பையே கருத்தில் கொண்டிருக்கிறேன். தட்டையான மேசை ஸ்கேனரைச் சுவடிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதில் ஏட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியால் அழுத்தவேண்டியிருப்பது ஒரு குறை. விளக்கின் கோணத்தை மாற்றவே முடியாதது அதைவிடப் பெரிய குறை.

எந்த அறிகுறியானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ஏட்டை மறுபடி எடுத்து, இரு படங்களையும் அருகருகே முழு அளவில் வைத்துப் பாருங்கள். விளக்கையும் லென்ஸையும் ஒருசேர மாற்றினால் குறை நீங்கினாலும் அது எதனால் நீங்கியது என்பது தெரியாது. மறுநாள் காலை அதே குறை திரும்ப வரும்.

எழுத்து தெரியவில்லை, அல்லது பாதி எழுத்தே தெரிகிறது

தாளின்மேல் மையால் வரைந்த எழுத்தைப் போன்றதன்று ஓலையெழுத்து. அது எழுத்தாணியால் கீறிய பள்ளம். விளக்குக்கரியையோ மாவிலைக்கரியையோ கோவையிலை, ஊமத்தையிலை போன்றவற்றின் சாற்றோடு குழைத்துத் தடவியபின் அந்தப் பள்ளத்தில் கரி தங்குவதால்தான் எழுத்து கறுத்துத் தெரிகிறது. மை தேய்ந்த ஏட்டிலும், எழுதியபின் மையே இடப்படாத ஏட்டிலும் எஞ்சியிருப்பது பள்ளம் மட்டுமே. இருபுறமும் சமமான ஒளி விழும்போது ஒரு விளக்கு உண்டாக்கும் நிழலை எதிர்விளக்கு அழித்துவிடுவதால், தாளாவணத்துக்கு மிகச் சிறந்ததென்று கருதப்படும் அதே ஒளியமைப்பு ஓலையை வெற்றுப் பலகைபோல் காட்டிவிடும்.

எனவே முதலில் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதை மேசை மட்டத்துக்கு மேல் 10 முதல் 20 பாகை உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். விளக்கு எத்திசையில் நிற்கிறது என்பது இங்கே மிக முக்கியம். ஓலையின் நார்வரிகள் நீளவாக்கில் ஓடுவதால், ஏட்டின் நீண்ட ஓரத்திலிருந்து ஒளி விழுந்தால் எழுத்தோடு சேர்ந்து நார்வரிகளும் நிழல் விட்டு எழுத்தை மறைக்கும். குறுகிய முனையிலிருந்து, அதாவது நார்வரிகள் ஓடும் திசையிலேயே ஒளி விழுந்தால் அந்த வரிகள் அடங்கிவிடும். நிமிர்ந்த கீறல்கள் தெளிவாக எழும், ஆனால் கிடைக்கோடுகள் மங்கும். இடது மேல்மூலையிலிருந்து சாய்வாக விளக்கை வைப்பது இரண்டுக்கும் நடுவான வழி. பிடிவாதமான ஏட்டுக்கு முனையிலிருந்து ஒன்று, மூலையிலிருந்து ஒன்று என இரண்டு படங்கள் எடுத்து இரண்டையும் சேமிப்பதே நல்லது. கீழ்ப்புறத்திலிருந்து மட்டும் ஒளி விடவேண்டாம். ஒளி மேலிருந்து வருவதாகவே கண் எடுத்துக்கொள்வதால், கீறல் பள்ளமாகத் தெரியாமல் புடைப்பாகத் தெரிந்து படிப்பவரைத் தடுமாறச் செய்யும்.

ஏடு முழுவதும் கறுத்துப்போயிருந்தால் சாய்வொளி அவ்வளவாக உதவாது. அங்கே அகச்சிவப்பு ஒளியைச் சோதிக்கலாம். கரி அகச்சிவப்பையும் உறிஞ்சிக் கறுப்பாகவே நிற்கும். பழுப்பேறிய ஓலையோ அதைத் திருப்பியனுப்பி வெளிறித் தெரியும். துவைத தத்துவத்தை நிறுவிய மத்வாசாரியரின் நூல்தொகுதியான சர்வமூலம் எழுதப்பட்ட பழைய ஏடுகளை அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த குழுவினர் இந்த முறையைக் கொண்டே படிக்கும்படி செய்தார்கள். சாதாரண கேமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால், அது நீக்கப்பட்ட கேமரா வேண்டும். பள்ளத்தில் கரியே இல்லாத ஏட்டில் இந்த முறையால் பயன் கிடைக்காது என்பதால், செலவு செய்யுமுன் உருப்பெருக்கியால் பள்ளத்துக்குள் கரி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக மையிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்ற யோசனை இந்த இடத்தில் கட்டாயம் எழும். அது சுவடியின் நிலையையே மாற்றும் செயல். அதைச் செய்யலாமா என்பதைச் சுவடிகளைப் பேணிக்காக்கும் வல்லுநர் தீர்மானிக்கட்டும். படமெடுப்பவர் தீர்மானிக்கக் கூடாது. மையிட முடிவானாலும் அதற்கு முந்தைய நிலையில் ஒரு படம் இருந்தே ஆகவேண்டும்.

ஏட்டின்மேல் வெண்பளபளப்பு விழுகிறது

நெகிழ்வுக்காகவும் பூச்சிகளைத் தடுக்கவும் எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசப்பட்ட ஏடுகளில் இது வழக்கமாக வரும். எண்ணெய் பூசிய அன்றே படமெடுக்காமல், அது ஊறி மேற்பரப்பு உலர்ந்தபின் எடுத்தால் பாதிக் குறை தானே தீரும். பிறகும் பளபளத்தால் விளக்குகளைச் சற்றுத் தாழ்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் விளக்குகளின்மேல் போலரைசர் தாளும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) லென்ஸின்மேல் போலரைசர் வடிகட்டியும் பொருத்தி, வடிகட்டியைத் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பளபளப்பு முற்றும் அணையும். ஒளி வெகுவாகக் குறைவதால் ஷட்டர் நேரத்தைக் கூட்டவேண்டிவரும்.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. மையில்லாத கீறலைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பதே அதன் விளிம்பில் மின்னும் அந்தச் சிறு பளபளப்புதான். போலரைசர் அதையும் சேர்த்து அணைத்துவிடும். மை நன்றாக இருக்கும் ஏட்டுக்கு மட்டும் இந்த முறையைக் கையாளுங்கள்.

பளபளப்பு ஏட்டின் நடுவில் நீளமான வெள்ளைப் பட்டையாக, ஒரு படத்தில் இருந்து அடுத்த படத்தில் இல்லாமல் விளையாட்டுக் காட்டினால் விளக்கை விட்டுவிட்டு, மேசையருகே நிற்பவரின் சட்டையைப் பாருங்கள். வெள்ளை வேட்டி சட்டையோடு படமெடுத்த ஒரு நாள் முழுவதையும் நான் இப்படி இழந்திருக்கிறேன்.

படம் மங்கலாக இருக்கிறது

மங்கல் எந்த வகையானது என்று முதலில் பிரித்தறியவேண்டும். கோடுகள் ஒரே திசையில் இரட்டித்துத் தெரிந்தால் அது அதிர்வு. மின்விசிறி, மாடித்தளத்தில் நடப்பவர், தெருவில் போகும் பேருந்து, கேமராவின் பொத்தானைக் கையால் அழுத்துவது ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். விசிறி ஏட்டையே இலேசாகத் தூக்கி இறக்குவதும் உண்டு. ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை மங்கலாகவும் இருந்தால் கேமரா மேசைக்கு இணையாக இல்லை. இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மேசையில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, திரையில் லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் நட்டநடுவில் வரும்வரை கேமராவின் தலையைச் சரிசெய்தால் போதும்.

இரு முனைகளும் மங்கி நடுப்பகுதி மட்டும் கூர்மையாக இருந்தால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், ஏடு வளைந்திருக்கிறது. லென்ஸின் ஒளித்துளையைக் குறுக்கி, கூர்மையாகத் தெரியும் ஆழத்தைக் கூட்டலாம் என்று எஃப் 22 வரை (எண் கூடக்கூடத் துளை சிறிது) போகிறவர்கள் படம் முழுவதையும் மங்கலாக்கிக்கொள்கிறார்கள். முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு உணரி கொண்டது) எஃப் 8 முதல் எஃப் 11 வரைதான் பாதுகாப்பான எல்லை, அதற்கப்பால் குறுகிய துளையில் ஒளி வளைந்து பரவுவது கூர்மையைத் தின்றுவிடும். வளைவு சிறிதானால் ஓரங்களில் மென்மையான சிறு எடைகளை வைக்கலாம். மேலே ஒரு தகடு வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள், அக்ரிலிக்கைத் தவிருங்கள். அக்ரிலிக்கில் தேங்கும் மின்னூட்டம் உதிரும் நிலையிலுள்ள துணுக்குகளைத் தன்னோடு தூக்கிக்கொள்ளும். உலர்ந்து முறியும் ஏட்டை எதைக் கொண்டும் அழுத்தாமல், ஃபோகஸைப் படிப்படியாக மாற்றிப் பல படங்கள் எடுத்துப் பின்னர் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

படம் முழுவதும் சமமாக மங்கியிருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. தானியங்கி ஃபோகஸ் ஒவ்வோர் ஏட்டிலும் புதிதாகத் தேடத் தொடங்கி, சில வேளைகளில் ஏட்டின் துளை வழியாகத் தெரியும் பின்னணியைப் பிடித்துக்கொள்ளும். திரையில் உருப்பெருக்கிப் பார்த்து ஒருமுறை கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

மங்கல் இல்லை, ஆனால் படம் பால் கலந்ததுபோல் வெளிறியிருக்கிறது என்றால் கூரைவிளக்கோ சன்னலோ நேராக லென்ஸில் படுகிறது, அல்லது குளிரூட்டிய அறையிலிருந்து வந்த லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறது, அல்லது லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது. கடற்கரை ஊர்களில் மூன்றாவதை எண்ணிப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

எழுத்தில் இல்லாத புள்ளிகள் தெரிகின்றன, அல்லது இருந்த புள்ளிகள் மறைந்துவிட்டன

தாளாவணம் எடுப்பவர்கள் இதைச் சிறு குறையாகக் கடந்துபோகலாம். தமிழ்ச் சுவடி எடுப்பவர்கள் அப்படிச் செய்ய முடியாது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை; எ, ஏ என்னும் குறில் நெடில் வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் எழுத்தில் காட்டப்படுவதில்லை. அப்படியிருக்க, அரிதாகப் புள்ளியிட்ட ஓர் ஏடு கிடைக்கும்போது அந்தப் புள்ளி பதிப்பாசிரியருக்குப் பெரும் சான்று. படத்தில் இருப்பது உண்மையான புள்ளியா, பூச்சி துளைத்ததா, கேமராவின் தூசியா என்ற ஐயமே எழக் கூடாது.

அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களைத் திறந்து, சட்டகத்தில் அதே இடத்தைப் பாருங்கள். புள்ளி மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது கேமராவின் உணரியில் (சென்சாரில்) படிந்த தூசி. ஒளித்துளையைக் குறுக்கும்தோறும் அது இன்னும் தெளிவாகத் தெரியும். ஏட்டோடு சேர்ந்து புள்ளி நகர்ந்தால் அது ஏட்டிலேயே உள்ளது. அது கீறலா துளையா என்பதைப் பின்னணியின் நிறம் சொல்லவேண்டும். கறுப்புத் துணியின்மேல் வைத்து எடுத்தால் பூச்சித்துளை ஒவ்வொன்றும் மையிட்ட புள்ளியாகத் தோன்றும். இந்தப் பழக்கம் இன்னும் பல இடங்களில் நீடிக்கிறது. கறுப்புப் பின்னணியில் படம் எடுப்பாகத் தெரிகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நடுத்தரச் சாம்பல் நிறத் தாளைப் பின்னணியாக வைத்தால் துளைவழியே சாம்பல் தெரியும். துளைக்கும் கரிக்கும் குழப்பம் வராது.

புள்ளி மறைந்துபோவதற்குக் காரணம் மென்பொருள். தூசி நீக்கும் வசதி, படத்தில் மணல்போல் தெரியும் இரைச்சலைக் குறைக்கும் வசதி ஆகியவை சிறு கரும்புள்ளிகளைத் தேடி அழிப்பதற்கென்றே எழுதப்பட்டவை. மூலக்கோப்பில் இவற்றில் எதுவும் இயங்கக் கூடாது. ஜேபெக் வடிவில் அதிகமாகச் சுருக்கினாலும் இதே இழப்பு நேரும்.

நிறம் ஏட்டுக்கு ஏடு மாறுகிறது

வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) கேமராவே தீர்மானிக்கும்படி விட்டிருந்தால், சட்டகம் நிறையப் பழுப்பு நிறத்தைக் கண்டதும் அதைக் குறைப்பதற்காகப் படத்தை நீலத்தின் பக்கம் தள்ளும். அடுத்த ஏடு சற்று வெளிறியதாக இருந்தால் குறைவாகத் தள்ளும். ஒளியளவு, வெண்சமநிலை இரண்டையும் கைமுறைக்கு மாற்றி, 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையை ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் எடுத்து, அதிலுள்ள சாம்பல் கட்டத்தை அடிப்படையாக வையுங்கள். ஏட்டின் ஒரு பாதி மட்டும் நீலச்சாயல் கொண்டிருந்தால் சன்னல் வழியே பகலொளி கலக்கிறது. படம் பணிக்கணினியில் சரியாகவும் இணையத்தில் சோர்ந்தும் தெரிந்தால், அகன்ற நிற எல்லை கொண்ட அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் உள்ள கோப்பு, தன் நிறவெளி எது என்ற தகவலை இழந்து வெளியாகியிருக்கிறது. இணையப்படியை இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றி அனுப்புங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

அமெரிக்காவின் ஃபேட்ஜி, நெதர்லாந்தின் மெட்டமார்ஃபோஸ் ஆகிய மின்னுருவாக்க வழிகாட்டிகளும் ஐஎஸ்ஓ 19264 தரமும் நிறம், கூர்மை, ஒளிச்சீர்மை, இரைச்சல் முதலியவற்றைச் சோதனை அட்டையைக் கொண்டு அளக்கச் சொல்கின்றன. அளப்பது நல்லது, தேவையும்கூட. ஆனால் அந்த அளவுகள் அனைத்திலும் தேறிய படத்தில் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாமல் இருக்கக்கூடும், ஏனெனில் சோதனை அட்டையில் கீறல்கள் இல்லை. நாளொன்றுக்கு ஒருமுறையாவது சுவடி வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் திரைமுன் அமர்ந்து சில வரிகளை வாய்விட்டுப் படிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படத்தின் குறுக்கே வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள்

மலிவான எல்இடி விளக்கு காரணம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் அத்தகைய விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. மின்னணு ஷட்டர் படத்தை வரிவரியாகப் பதிவதால் அந்தத் துடிப்பு பட்டையாகிறது. இயந்திர ஷட்டருக்கு மாறி, நேரத்தை 1/50 அல்லது 1/25 நொடியாக வைத்தால் துடிப்புகள் முழு எண்ணிக்கையில் அடங்கிப் பட்டை மறையும். நிலையான தீர்வு துடிப்பில்லாத விளக்குதான்.

ஏடு நீளம், பிக்சல் போதவில்லை

ஏடு நீண்டு ஒடுங்கியது. கேமராவின் சட்டகம் அப்படியன்று. 45 சென்டிமீட்டர் ஏட்டை அளவுகோலோடு 50 சென்டிமீட்டர் சட்டகத்தில் எடுத்தால், 6000 பிக்சல் அகலமுள்ள கேமரா அங்குலத்துக்கு ஏறத்தாழ 305 பிக்சலும், 8256 பிக்சல் அகலமுள்ள கேமரா ஏறத்தாழ 419 பிக்சலும் தரும். நெருங்கிய சிறு எழுத்துக்கு 400க்குக் குறையாமல் இருப்பது நலம் என்பதால், முதல்வகைக் கேமராவோடு பணிபுரிவோர் ஏட்டை இரு பாதிகளாக, நடுவில் தாராளமான மேற்பொருத்தம் (இரு படங்களிலும் வரும் பகுதி) விட்டு எடுத்து இணைக்கவேண்டும். அப்போது கேமராவை அசைக்காமல், ஏடு கிடக்கும் பலகையை நகர்த்துங்கள். மென்பொருளைக் கொண்டு பிக்சலைப் பெருக்கி 600 என்று எழுதிவைப்பது பொய்க்கணக்கு.

பின்பக்கம் தலைகீழாக இருக்கிறது, வரிசை குழம்பியிருக்கிறது

புத்தகத்தாளைப் போல வலமிருந்து இடமாகப் புரட்டுவதால் வரும் குறை இது. ஏட்டை நீண்ட ஓரத்தை அச்சாகக் கொண்டு கீழிருந்து மேலாகப் புரட்டவேண்டும். அப்படிப் புரட்டினால் இடது துளை இடதிலேயே நிற்கும். ஒரே துளை நடுவிலிருந்து விலகி இருக்கும் ஏட்டில் சிறு படங்களை ஓடவிட்டுப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். இரண்டு துளைகளும் சம இடைவெளியில் இருக்கும் ஏட்டில் எழுத்தைத்தான் பார்க்கவேண்டும்.

ஏட்டெண் வழக்கமாக இடது ஓரத்தில் தமிழ் எண்களில் இருக்கும். ௧ என்பதைக் ககரமாகவும், ௭ என்பதை எகரமாகவும், ௮ என்பதை அகரமாகவும், ௰ என்பதை யகரமாகவும் பழக்கமில்லாத கண் எடுத்துக்கொள்ளும். பழைய முறையில் இருபது ௨௰ என்றும் இருபத்தொன்று ௨௰௧ என்றும் எழுதப்படுவதை அறியாமல் கோப்புப் பெயரிட்டவர்கள் முழுக்கட்டையும் குழப்பியதைக் கண்டிருக்கிறேன். கோப்புப் பெயரில் ஏட்டெண்ணைச் சேர்க்கவே வேண்டாம். எடுத்த வரிசைப்படி தொடரெண் கொடுத்து, ஏட்டில் காணும் எண்ணைத் தனி அட்டவணையில் பதியுங்கள். ஏடுகள் கட்டிலேயே வரிசை தவறிக் கோக்கப்பட்டிருந்தால் அந்தத் தவறான வரிசையிலேயே எடுங்கள். திருத்துவது ஆய்வாளரின் வேலை. கிடைத்த வரிசையும் ஒரு சான்றுதான். கட்டின் மேலும் கீழும் உள்ள சட்டப்பலகை, துளையில் செருகும் குச்சியான நாராசம், கயிற்றின் முனையில் முடிந்த ஓலைத்துண்டான கிளிமூக்கு, வெற்றேடுகள் ஆகியவற்றுக்கும் படம் வேண்டும்.

நாள்முடிவில் எண்ணிப் பார்த்துவிடுங்கள். 200 ஏடுகளுக்கு 400 படங்கள் வேண்டும். 399 இருந்தால் இரண்டு ஏடுகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டிருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் அப்போது இரட்டைப்படையில் குறையும். ஒரு பக்கம் எடுக்காமல் விடப்பட்டிருக்கிறது.

கோப்பு திறக்கவில்லை, அல்லது பாதிப் படம் சாம்பலாக நிற்கிறது

எடுத்த உடனேயே இப்படி வந்தால் கேமராவையும் கணினியையும் இணைக்கும் கம்பியை மாற்றுங்கள். பழைய வகை யூஎஸ்பி கம்பி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. பின்னர் வந்தால் படியெடுக்கும்போது சிதைந்திருக்கிறது. 8256க்கு 5504 பிக்சல் கொண்ட ஒரு படம் 16 பிட் டிஃப் வடிவில் ஏறத்தாழ 272 மெகாபைட் ஆகும். மேற்சொன்ன 400 படங்கள் 109 கிகாபைட்டை எட்டும். இவ்வளவையும் வட்டுக்கு வட்டு மாற்றும்போது நடுவில் மின்சாரம் போனால் எது முழுமை, எது குறை என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புக் குறியீட்டைக் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் குறியீடு) கணக்கிட்டு வைத்து, ஒவ்வொரு படியெடுப்புக்குப் பிறகும் ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீடு முடியும்வரை கேமராவின் நினைவக அட்டையை அழிக்கவேண்டாம், சுவடியையும் கட்டிவிடவேண்டாம்.

ஏடுகள் பிரியவில்லை

இது படமெடுப்பின் குறை அன்று. ஆனாலும் வேலை நின்றுபோகும் இடம் இதுவே. ஈரத்தாலோ பழைய எண்ணெயாலோ ஒட்டிக்கொண்ட ஏடுகளுக்கிடையில் கத்தியையோ நகத்தையோ நுழைக்காதீர்கள். கீறிய மேற்பரப்பு எதிர் ஏட்டோடு ஒட்டி உரிந்துவந்துவிடும். பருத்திக் கையுறையும் வேண்டாம், அதன் இழை ஓலையின் சிம்பில் மாட்டி இழுக்கும். கழுவி உலர்த்திய கையோ நைட்ரைல் கையுறையோ போதும். ஒட்டிய தொகுதியின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம், நான்கு விளிம்புகள் ஆகியவற்றை எடுத்து, விளிம்பை உருப்பெருக்கி ஏடுகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைப்போல் இருமடங்கு தொடரெண்களைக் காலியாக விட்டு, அந்த இடத்தில் "ஒட்டியுள்ளது, பிரிக்கப்படவில்லை" என்று எழுதிய சீட்டொன்றைத் தேதியோடு படமெடுத்துச் செருகிவிட்டு அடுத்த ஏட்டுக்குப் போங்கள்.